சம்பளத்துக்குச் சம்பளம்

ஏப்ரல் 9, 2024
டெட்ராய்ட் ஆறு

அன்புள்ள கார்லீன்,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது முட்டிவலி குறைந்திருக்க வேண்டும், வாசலில் பனி கரைந்திருக்க வேண்டும், என் மேல் உள்ள கோபமும் ஓர் அங்குலமாவது கரைந்திருக்க வேண்டும். மூன்றில் இரண்டு நடந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

போனில் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாய். "போன்ல நீ பேசினா நான் சிரிச்சுடறேன் ரெய்னோ. சிரிச்சுட்டா கோபத்தை எங்க வெச்சேன்னே மறந்துபோகுது. எதுவானாலும் எழுது" என்றாய். சரி, எழுதுகிறேன். ஆனால் மார்ச்சில் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது நீ வாசலில் வைத்துச் சொன்ன இன்னொன்றைத்தான் சுக்கானைப் பிடித்தபடி திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். "அடுத்த குளிர்காலத்துக்கு வேற இடம் பாத்துக்க." முப்பத்தொரு வருஷத்தில் நீ என்னைத் திட்டாத திட்டு இல்லை. இப்படி அமைதியாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

நேராகவே கேட்டுவிடுகிறேன். ஜனவரியில் ஏரி உறைந்து கப்பலைக் கட்டிப்போட்ட பிறகு நான் வீட்டுக்கு வரலாமா?

பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நல்ல செய்தி. நீ பத்து வருஷமாகச் சொல்லியும் கேட்காதவன், இந்த ஆண்டு கம்பெனியின் ஓய்வுக்கால சேமிப்பில் சேர்ந்துவிட்டேன். நான் ஒரு டாலர் போட்டால் கம்பெனியும் ஒரு டாலர் போடும், சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து வரைக்கும். மேட்ச் என்கிறார்கள். சும்மா கிடைக்கிற காசை இத்தனை நாள் விட்டேனே என்று இருக்கிறது. சமையற்காரன் ஓடெல் சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "அம்பத்தெட்டு வயசுல உண்டியல் வாங்கின ஆளப் பாருங்கப்பா" என்றான். சிரிக்கட்டும்.

எவ்வளவு போடுகிறேன் தெரியுமா? நூற்றுக்கு அறுபது! ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்று அரசாங்கம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கோடை முடிவதற்குள் அதைத் தொட்டுவிடுவேன். ஏரி அமைதியாக இருக்கும்போதே சரக்கை ஏற்றிவிட வேண்டும். நவம்பர் காற்றில் யார் ஏற்றுவது? படுக்கையும் சாப்பாடும் கப்பலில் இலவசம். வீட்டுக்கு அனுப்புவதில் ஒரு காசு குறையாது.

அஞ்சல் படகு பக்கத்தில் வந்துவிட்டது. கடிதங்களைப் போட்டு வாளியை இறக்கச் சொல்லிக் கத்துகிறார்கள்.

என்றும் உன்
ரெய்னோ


ஏப்ரல் 25
ஹான்காக்

அன்புள்ள ரெய்னோ,

உன் கடிதம் வந்தது. முட்டிவலி குறையவில்லை. பனி இன்னும் ஜன்னல் கட்டை வரைக்கும் நிற்கிறது. மூன்றாவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. ஜனவரியைப் பற்றி ஏப்ரலில் கேட்காதே. எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வேன்?

சேமிப்பில் சேர்ந்தது சந்தோஷம். நான் முந்திக்கொண்டேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். பேக்கரியை மில்வாக்கிக் கம்பெனி வாங்கியதிலிருந்து எங்களுக்கும் அந்தத் திட்டம் உண்டு. மதிய இடைவேளையில் பீட்சா வாங்கிக் கொடுத்து ஒரு கூட்டம் போட்டார்கள். காலையிலிருந்து மாவில் நின்றவர்களுக்குப் பீட்சா கொடுக்கிற புத்திசாலிகள். கோட்டுப் போட்ட ஒரு பையன் படம் வரைந்து விளக்கினான். என்கூட மாவு பிசையும் பெர்னிஸ் பாதியிலேயே தூங்கிவிட்டாள். நான் கேட்டேன்.

இரண்டு வகை இருக்கிறதாம். பழைய வகையில் போட்டால் அந்தப் பணத்துக்கு இப்போது வருமான வரி கிடையாது. ஓய்வுபெற்று எடுக்கும்போது கட்ட வேண்டும். ராத் என்ற வகையில் இப்போதே வரியைக் கட்டிவிட்டு மிச்சத்தைப் போட வேண்டும். வயதான பிறகு எடுக்கும்போது, அது பெருகிய பணத்துக்கும் சேர்த்து, வரியே கிடையாது. நான் யோசிக்கவே இல்லை. ராத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். கிழவியான பிறகு எவனும் என்னிடம் வந்து பாக்கி என்று கை நீட்டக் கூடாது. நான் நூற்றுக்கு ஆறு போட்டால் கம்பெனி மூன்று போடும். எல்லாமே வரி கட்டி முடித்த பணம். நிம்மதி.

கூரைப் பனியைத் தள்ள இந்த ஆண்டு ஆள் வைத்தேன். நன்றாகத்தான் தள்ளினான்.

கார்லீன்


மே 14
சுப்பீரியர் ஏரி, ஊருக்கு வடக்கே எங்கோ

அன்புள்ள கார்லீன்,

நீ ராத்தில்தான் சேர்ந்திருப்பாய் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். தட்டில் பிடிக்காத காய் இருந்தால் அதை முதலில் தின்று தீர்ப்பவள் நீ. பல் பிடுங்க வேண்டுமென்றால் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குபவள். நான் பழைய வகையில் போட்டிருக்கிறேன். வரிதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்குச் சம்பளம் அதிகம், வரியும் அதிகம். ஓய்வுபெற்றால் வருமானம் குறையும், வரியும் குறையும். கணக்குப்படி என் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓடெலைக் கேட்டால், "அவ கட்டிட்டு நிம்மதியா தூங்குவா. நீ கட்டாமலே நிம்மதியா தூங்குவ. ரெண்டு பேருக்கும் தூக்கம்தானேய்யா முக்கியம்" என்கிறான்.

இன்று காலை நம் ஊர்ப் பக்கமாகத்தான் கடந்தோம். கரை தெரியவில்லை, மூடுபனி. இருந்தும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றதில் கேப்டன், "ரெய்னோ, கப்பல் முன்னால போகுதுப்பா, பக்கவாட்டுல இல்ல" என்றார்.

உன் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய பெட்டி வரும். என்னவென்று சொல்ல மாட்டேன். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

உன்
ரெய்னோ


ஜூன் 8
ஹான்காக்

அன்புள்ள ரெய்னோ,

பெட்டி வந்தது. தோட்டத்து ஊஞ்சல் அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் ஊஞ்சலில் ஒருத்தி உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. குறை சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னேன்.

என்னைப் பார்த்துச் சிரிக்க உனக்கு ஒரு வாய்ப்பு. கணக்கு விவரம் தபாலில் வந்தது. நான் போட்டது ராத் என்று ஒரு கட்டத்திலும், பேக்கரி போட்டது பழைய வகை என்று இன்னொரு கட்டத்திலும் இருந்தது. தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று மில்வாக்கிக்கு போன் செய்து ஒரு பிடி பிடித்தேன். எடுத்த பெண் பொறுமைசாலி.

"இல்ல மேடம், உங்க காசுக்கு நீங்க வரி கட்டியாச்சு. கம்பெனி போடற காசுக்கு யாருமே இன்னும் வரி கட்டலையே? அதனால அது எப்பவும் பழைய வகையிலதான் போகும். எடுக்கறப்ப அதுக்கு மட்டும் வரி கட்டுவீங்க."

"அதையும் ராத்துல போட்டுடுங்களேன். வரிய இப்பவே பிடிச்சுக்குங்க."

"அப்படியும் சட்டம் வந்திருக்கு மேடம். ஆனா கம்பெனி ஒத்துக்கணும், உங்க கம்பெனி இன்னும் ஒத்துக்கல. ஒத்துக்கிட்டாலும் அந்த வருஷ வரி உங்க தலையிலதான்."

ஆக, நான் என்னதான் முன்கூட்டியே கட்டித் தீர்த்தாலும், அடுத்தவர் பங்கு அவர் போக்கில்தான் வந்து சேரும் போலிருக்கிறது. சிரித்து முடித்துவிட்டாயா?

இன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டாய்? எழுது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் எழுது.

கார்லீன்


ஆகஸ்ட் 11
ஹான்காக்

ரெய்னோ,

ஜூன் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜூலை முழுக்கத் தபால்பெட்டியில் கடை விளம்பரங்கள்தான். கோடையில் சரக்கு அதிகம், வேலை நெருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு கோடையாகத் தெரியும்.

போன ஆண்டு இதே வாரம்தான் எனக்குப் பித்தப்பை அறுவை நடந்தது. உனக்கு மாற்று ஆள் தயாராக இருந்தான். இரண்டு மாதம் வேலை செய்தால் ஒரு மாதம் விடுப்பு எடுக்கலாம் என்று உங்கள் சங்கம் வாங்கிக் கொடுத்த உரிமை அது. முழுப் பருவமும் நின்றால் கிடைக்கும் போனஸுக்காக நீ வரவில்லை. பூ அனுப்பினாய். அறைக்குள் வைக்க இடமில்லாமல் நர்ஸ்கள் ஆளுக்கொரு கொத்தாக எடுத்துக்கொண்டு போனார்கள். "உங்க வீட்டுக்காரருக்கு உங்க மேல உயிருபோல" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் மணியை அடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தேன். அப்போது வந்த அழுகை வலியினால் வந்தது இல்லை.

ஜனவரியில் நீ சீட்டியடித்துக்கொண்டு வந்தாய், எனக்குக் கோட்டு, வீட்டுக்குப் பனி தள்ளும் இயந்திரம். எட்டு வாரம் ராணி மாதிரி வைத்திருந்தாய். பிறகு போய்விட்டாய். ஏன் வேறு இடம் பார்க்கச் சொன்னேன் என்று நீ கேட்கவே இல்லை. வரலாமா என்று மட்டும் கேட்டாய். அதனால் நானே சொல்லிவிட்டேன்.

கார்லீன்


செப்டம்பர் 5
டெட்ராய்ட் ஆறு

கார்லீன்,

உன் ஆகஸ்ட் கடிதத்தை மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இப்போது நடந்த ஒரு முட்டாள்தனத்தை எழுதுகிறேன். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

ஆகஸ்ட் நடுவில் அந்த உச்சவரம்பைத் தொட்டுவிட்டேன். ஓடெலுக்கு முன்னால் மார்தட்டிக்கொண்டேன். இனிமேல் பிடித்தம் இல்லை, முழுச் சம்பளம். அடுத்த சம்பளச் சீட்டைப் பார்த்தால் கம்பெனியின் பங்கு பூஜ்யம். கிளீவ்லாந்து அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.

"எங்கய்யா என் மேட்ச்?" என்றேன்.

"நீங்க இந்தச் சம்பளத்துல என்ன சார் போட்டீங்க?"

"ஒண்ணும் போடல. அதான் வருஷத்துக்கு உள்ளத மொத்தமா முன்னாடியே போட்டுட்டேனே."

"நாங்க வருஷத்தைப் பாக்கறதில்ல சார். சம்பளத்துக்குச் சம்பளம் பாக்கறோம். அந்தந்தச் சம்பளத்துல நீங்க போட்டா நாங்க போடுவோம், நூத்துக்கு அஞ்சு வரைக்கும். நீங்க அறுபது போட்டப்பவும் எங்க பங்கு அஞ்சுதான். இனிமே நீங்க ஒண்ணும் போட முடியாது, அதனால நாங்களும் போட முடியாது."

"நான் எவ்வளவு போட்டிருக்கேன்னு பாருய்யா. ஒருத்தனும் இவ்வளவு போட்டிருக்க மாட்டான்."

"நெறையத்தான் போட்டிருக்கீங்க சார். ஆனா மிச்ச மாசம் முழுக்க ஒண்ணுமே இல்லையே?"

சில கம்பெனிகள் ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்துக் குறைந்ததைச் சரிக்கட்டுமாம். எங்கள் கம்பெனியில் அந்த வழக்கம் இல்லை. வர வேண்டியதில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. யானை வாயில் போன கரும்பு.

போனை வைத்துவிட்டுச் சுக்கானுக்குப் போனேன். அந்த ஆள் சொன்ன கடைசி வார்த்தையை என் நான்கு மணி நேர வேலைமுறை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன், கார்லீன். அவன் பணத்தைப் பற்றித்தான் பேசினான். எனக்கு உன் ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது.

எனக்கு அழகாக எழுத வராது. வெட்கமாக இருக்கிறது. இன்றைக்கு மதியம் பட்டாணி சூப், ரொட்டி. சூப்பில் உப்பு அதிகம்.

ரெய்னோ


செப்டம்பர் 17
ஹான்காக்

அன்புள்ள ரெய்னோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். இந்த ஏரிகள் ஐந்திலும் தேடினாலும் அளவுக்கு மேல் சேமித்து நஷ்டப்பட்டவன் நீ ஒருத்தன்தான் இருப்பாய். பிறகு உட்கார்ந்து அழுதேன். பிறகு பாத்திரம் கழுவினேன்.

நீ கஞ்சன் இல்லை. அன்பில்லாதவன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. உன்னைப்போல அள்ளிக் கொடுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் வசந்தம் வருவதற்குள் ஒரு வருஷத்து அன்பை முழுக்கக் கொட்டிவிட்டு, கணக்கு தீர்ந்தது என்று போய்விடுகிறாய். நான் அந்த கிளீவ்லாந்து ஆள் மாதிரிதான், ரெய்னோ. மொத்தமாகக் கொடுத்தால் வாங்கிவைக்க என்னிடம் இடமில்லை. எவ்வளவு கொட்டினாலும் அந்தந்த வாரத்துக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடிவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும், நீ எழுதாத வாரங்களில், கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருந்தேன். அதுதான் என் நஷ்டம். உன்னுடையதைப் போலவே அதுவும் திரும்பி வராது.

சிறுதுளி பெருவெள்ளம் என்று புத்தி சொல்ல வரவில்லை. எனக்குப் பெருவெள்ளமே வேண்டாம். துளி போதும்.

உப்பு அதிகமானால் ஓடெலை அந்த சூப்பில் ஓர் உருளைக்கிழங்கு போடச் சொல்.

கார்லீன்


செப்டம்பர் 27

அன்புள்ள கார்லீன்,

உருளைக்கிழங்கு சொன்னேன். "என் சமையலறைல உங்க வீட்டுக்காரம்மா ஆட்சியா?" என்றான். ஆனால் போட்டான். சரியாகிவிட்டது.

இன்று மீன் வறுவல்.

ரெய்னோ


அக்டோபர் 6

அன்புள்ள கார்லீன்,

எழுத ஒன்றுமில்லை. இருந்தும் எழுதுகிறேன். இடது பூட்ஸில் தண்ணீர் இறங்குகிறது. உன் முட்டி எப்படி இருக்கிறது? இது ஏப்ரலிலேயே கேட்டிருக்க வேண்டியது. அப்போது வேடிக்கையாக எழுதிவிட்டேன், கேட்கவில்லை.

ரெய்னோ


அக்டோபர் 14

அன்புள்ள ரெய்னோ,

படி ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது இல்லை. டாக்டர் ஊசி போட்டார். நேற்று நானும் பெர்னிஸும் முந்நூறு ஏலக்காய் ரொட்டிக்கு மாவைச் சடை மாதிரி பின்னினோம், என்னோடு வந்து வீடெல்லாம் அந்த வாசனை. பூட்ஸை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே, தோல் வெடிக்கும்.

உன் கார்லீன்


அக்டோபர் 19

அன்புள்ள கார்லீன்,

பூட்ஸ் ஏற்கெனவே வெடித்துவிட்டது. நீ சொல்வதற்கு முன்னால் அடுப்பில் வைத்துவிட்டேன். கடிதத்தின் கடைசியில் 'உன்' என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டுக்கு அலுவலகத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன். அறுபது வேண்டாம். உச்சவரம்பை டிசம்பர் கடைசிச் சம்பளத்தில் தொடுகிற மாதிரி பிரித்துப் போடச் சொன்னேன். அதில் பாதி பழைய வகை, பாதி ராத். வாழ்க்கையில் முதல் தடவையாக எதையோ முன்கூட்டியே கட்டப்போகிறேன். மூன்று தடவை போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன் என்று ஓடெல் புரளி கிளப்புகிறான், நம்பாதே.

உன் ரெய்னோ


நவம்பர் 3
டெட்ராய்ட் ஆறு

அன்புள்ள கார்லீன்,

நேற்று கேப்டனிடம் போய் விடுப்பு கேட்டேன். "இப்பவா? இன்னும் ரெண்டு மாசம் நின்னா முழு போனஸ் ரெய்னோ. இந்தக் கப்பலுக்கு வந்த இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவைகூட விட்டதில்லையே நீ" என்றார். "அதனாலதான் கேக்கறேன்" என்றேன். மாற்று ஆள் பதின்மூன்றாம் தேதி டுலூத் துறைமுகத்தில் ஏறுகிறான், நான் இறங்குகிறேன். முப்பது நாள்.

பரிசு ஒன்றும் கொண்டுவரவில்லை. வாங்கக் கை துறுதுறுக்கிறது, ஆனால் வாங்கவில்லை. பதினான்காம் தேதி மதிய பஸ்ஸில் ஹான்காக் வந்துவிடுவேன். வீட்டுக்கு வரலாமா, ஓட்டலில் தங்கட்டுமா? நீ எது சொன்னாலும் சரி. ஓட்டல் என்றால் அங்கிருந்தும் தினமும் எழுதி வாசலில் கொண்டுவந்து வைப்பேன், தபால்தலை மிச்சம்.

உன்
ரெய்னோ


நவம்பர் 14, விடியற்காலை
சமையலறை மேஜை

அன்புள்ள ரெய்னோ,

சாவி எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் பதிலைத் தபாலில் போடாமல் இங்கே மேஜையில் வைக்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், பதில் தெரியாமலே வந்து கதவைத் திறந்திருக்கிறாய். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாளை மான் வேட்டை ஆரம்பம். வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்புவார்கள். பேக்கரியில் தலைக்கு மேல் வேலை. பெர்னிஸ், "வீட்டுக்காரர் வராருன்னா லீவு போடேன், நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. நீ விசேஷ நாளுக்கு வந்தவனாக இருக்க வேண்டாம். இன்று ஒரு சாதாரண வியாழக்கிழமை.

அடுப்பில் சூப் இருக்கிறது. உப்பைப் பார்த்துக்கொள். ஊறவைத்த துணி இருக்கிறது, முடிந்தால் பிழிந்து காயப்போடு. மாடி அறையில் உன் பக்கத்துப் போர்வையைத் துவைத்து விரித்திருக்கிறேன். ஜனவரியைப் பற்றி நீ திரும்பக் கேட்கவே இல்லை. கவனித்தேன். இப்போது கேட்டால் சொல்வேன்.

ஐந்து மணிக்குமேல் ஆகும் நான் வர. இருட்டிவிடும், சாலையில் பனி வேறு. எத்தனையோ வருஷமாக விளக்கைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். எனக்காக யாரும் விளக்குப் போட்டு வைத்து நான் வீட்டுக்கு வந்ததில்லை, ரெய்னோ. அது எப்படி இருக்கும் என்று இன்றைக்குப் பார்க்க வேண்டும்.

உன்
கார்லீன்